மருந்துக்கடை யாருடையது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் கண்டியிலும் ஏசி போட்ட கம்பனி பாமசிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஊரில் இறங்கியதும் இந்தப் பேச்சைத்தான் எடுக்கிறார்கள். "அது இங்கயும் வந்தா நல்லதுதானே" என்பார் ஒருவர். "வந்தா நம்ம ஆளுங்க கடையெல்லாம் படுத்துரும்" என்பார் இன்னொருவர். சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள். நான் மலையக டவுன் ஒன்றில், வேறொருவருக்குச் சொந்தமான பாமசியில் வேலை செய்யும் பதிவு பெற்ற மருந்தாளர். எனக்குக் கடையும் இல்லை, எந்தக் கம்பனியிலும் பங்கும் இல்லை. இந்தப் பதில்களை அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இலங்கையில் பாமசி வைக்க மருந்தாளராக இருக்க வேண்டுமா?

வேண்டாம். நகைக்கடைக்காரர் வைக்கலாம், பஸ் முதலாளி வைக்கலாம், கூட்டுறவுச் சங்கம் வைக்கலாம், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனியும் வைக்கலாம். இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். அதற்கு முன் இருந்தது 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். முதலாளியின் படிப்பைப் பற்றி இரண்டுமே கேட்கவில்லை. கடைக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், விற்பனை பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பதிவு என்றால் இலங்கை மருத்துவ சபையில் செய்யப்பட்ட பதிவு.

ஆகவே "கம்பனிகள் பாமசி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா" என்று கேட்டால், அந்தக் கதவு இங்கே ஒருநாளும் பூட்டி இருந்ததில்லை.

அப்படியென்றால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சேர்டிபிகேட் யாருடையது?

பொறுப்பான மருந்தாளருடையது. முதலாளியுடையதாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. அதில் இருக்கும் படத்தையும் கவுண்டரில் நிற்பவரின் முகத்தையும் ஒருதரம் ஒத்துப் பாருங்கள். வெள்ளைக் கோட் போட்டவர் எல்லோரும் மருந்தாளர் இல்லை. கோட்டை எந்தத் துணிக்கடையிலும் தைத்து வாங்கலாம்.

"சேர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது" என்கிறார்களே, அது என்ன?

நாட்டின் பாமசித் தொழிலில் உள்ள பழைய நோய் இதுதான். கம்பனி வருமா வராதா என்ற விவாதமெல்லாம் இதற்குப் பிறகு வந்தது.

மருந்தாளர் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் பாமசிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மருந்தாளர்கள் நாட்டில் இல்லை. இருப்பவர்களிலும் பலர் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்கள், சிலர் மருந்துக் கம்பனிகளுக்குப் போய்விடுகிறார்கள், சிலர் வெளிநாட்டுக்கு. மலையில் ஒரு சின்ன டவுனுக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நிற்க யார் வருவார்? அதனால் ஒரு வழி உண்டாயிற்று. எங்கேயோ இருக்கும் ஒருவர் தன் சேர்டிபிகேட்டைக் கொடுப்பார், முதலாளி மாதா மாதம் ஒரு தொகை கொடுப்பார். கடையில் நிற்பது பத்தாம் வகுப்போ உயர்தரமோ படித்து, பழக்கத்தில் மருந்து பெயர்களைக் கற்றுக்கொண்ட பையன்கள். பையன்களைக் குறை சொல்ல வரவில்லை. டொக்டர்மாரின் கோழிக்கிறுக்கலை என்னைவிட வேகமாக வாசிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஒரு பாட்டிக்கு மூட்டுவலிக்கு டைக்லோஃபெனக் எழுதியிருந்தால், இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம் என்று டொக்டரின் அந்த மருந்துத் துண்டை நிறுத்திவைக்கிற அறிவு வாசிப்பு வேகத்தால் வருவதில்லை.

சட்டப்படி இது குற்றம். பரிசோதகர் வரும் நாளில் மட்டும் சேர்டிபிகேட்டின் சொந்தக்காரர் பஸ் ஏறி வருவார். டவுனில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் யாரும் சத்தம் போடுவதில்லை, அந்தக் கடையையும் மூடிவிட்டால் அடுத்த கடை பத்துப் பதினைந்து மைல் தள்ளி இருக்கும்.

மருந்தாளர் கடையில் இல்லாத நேரத்தில் என்ன வாங்கலாம்?

மருந்துகளைச் சட்டம் அட்டவணைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ளவை பரசிட்டமோல் போன்ற சாதாரண மருந்துகள், சில்லறைக் கடையிலும் விற்கலாம். அடுத்த வகை பாமசியில் மட்டும் கிடைக்கும், துண்டு தேவையில்லை. அதற்கடுத்தது டொக்டரின் துண்டு இல்லாமல் தரக்கூடாத வகை. அன்டிபயோட்டிக், பிரசர் மருந்து, சுகர் மருந்து எல்லாம் அதில்தான். கடைசியில் போதை தரக்கூடிய, கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள்.

மருந்தாளர் இல்லாத நேரம் இந்த முதல் வகையைத் தாண்டிப் போகக்கூடாது. "அண்ணே, போன தடவ குடுத்த அந்தச் சிவப்பும் மஞ்சளும் கெப்சூல் நாலு தாங்க, தொண்ட வலிக்குது" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. கொடுக்கிற பழக்கமும் இருக்கிறது. இரண்டுமே தப்பு. நாலு கெப்சூலால் தொண்டை சுகமாகாது. கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போவதுதான் மிச்சம்.

மற்ற நாடுகளில் யார் பாமசி வைக்கலாம்?

நாட்டுக்கு நாடு இது மாறும். நம்முடைய விவாதத்துக்கு உதவக்கூடியவை இவை.

ஜெர்மனியில் மருந்தாளர் மட்டுமே பாமசிக்குச் சொந்தக்காரராகலாம். ஒரு பிரதான கடை, 2004 முதல் கூடுதலாக மூன்று கிளைகள், அவ்வளவுதான். ஒரு நெதர்லாந்துக் கம்பனி அங்கே பாமசி திறக்க வந்தபோது விஷயம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போயிற்று. மருந்தாளருக்கு மட்டும் என்று ஒரு நாடு விதித்தால் அது செல்லும் என்று 2009 மே மாதம் தீர்ப்பு வந்தது. மருந்தாளரும் இலாபம் பார்ப்பவர்தான் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் படிப்பும் தொழில் பொறுப்பும் இருக்கின்றன, தவறு செய்தால் போட்ட முதலோடு தொழில் செய்யும் உரிமையும் போகும், அது அவரைக் கட்டுப்படுத்தும் என்பதே காரணம்.

பிரான்ஸும் ஜெர்மனி பக்கம். இத்தாலி நீண்டகாலம் அந்தப் பக்கம் இருந்துவிட்டு 2017இல் கம்பனிகளுக்குத் திறந்துவிட்டது. ஆனால் ஒரு பிராந்தியத்தில் உள்ள பாமசிகளில் 20 வீதத்துக்குமேல் ஒரே கைக்குப் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. ஹங்கேரி திறந்துவிட்டுப் பிறகு மனம் மாறியது. 2017 தொடக்கத்துக்குள் பெரும்பான்மைப் பங்கு மருந்தாளர்களிடம் திரும்பி வரவேண்டும் என்று சட்டம் போட்டது.

நோர்வே 2001இல் திறந்துவிட்டது. நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். சில வருடங்களுக்குள் நாட்டின் பாமசிகளில் மிகப் பெரும்பகுதி மூன்று குழுமங்களிடம் போயிற்று. மூன்றுமே மருந்து மொத்த வியாபாரிகளோடு சேர்ந்தவை. கடைகளின் எண்ணிக்கை கூடியது உண்மை. கூடியது பெரும்பாலும் நகரங்களில்.

அமெரிக்காவில் வட டகோட்டா என்று ஒரு மாநிலம். குளிர் அதிகம், ஆள் குறைவு, ஊர்கள் தூரம் தூரமாக இருக்கும். பாமசியின் 51 வீதம் மருந்தாளர் கையில் இருக்க வேண்டும் என்று 1963இல் அங்கே சட்டம் வந்தது. அதை எடுத்துவிடலாமா என்று 2014இல் வாக்கெடுப்பு வைத்தபோது மக்களே வேண்டாம் என்றார்கள். மற்ற மாநிலங்களில் இருக்கும் பெரிய செயின்கள், அதாவது ஒரே பெயரில் பல கிளை வைத்திருக்கும் கம்பனிகள், தங்களுக்கும் வேண்டும் என்று பிரசாரம் செய்தும் நடக்கவில்லை.

இந்தியா நம்மைப்போல. யாரும் வைக்கலாம், பதிவு பெற்ற மருந்தாளர்தான் மருந்தைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு அப்பல்லோ பாமசியைத் தெரியாமல் இருக்காது.

ஜெர்மனிச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் என்ன?

மேடையில் பேசக் கைதட்டல் கிடைக்கும். பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை போன்ற சின்ன மலை டவுன்களில் பாமசிக் கதவு மூடும்.

எங்கள் பக்கத்து மருந்தாளர்களில் கடை வைக்கக்கூடிய காசு எத்தனை பேரிடம் இருக்கிறது? டவுனில் ஒரு கடைக்கு முற்பணம், குளிர்சாதனப் பெட்டி, முதல் கொள்முதல் என்று கூட்டிப் பார்த்தால் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரால் முடியாது. வங்கியும் இலேசில் கடன் தராது. மருந்தாளர்கள் குறைவாக இருக்கும் நாட்டில் மருந்தாளர்தான் முதலாளி என்று விதித்தால், முதலாளியையும் வாடகைக்கு எடுப்பார்கள். சேர்டிபிகேட் வாடகையோடு பெயர் வாடகையும் சேரும்.

இதைச் சொல்வதால் என் தொழில் நண்பர்கள் சிலருக்கு என்மேல் கோபம். "நீயே நம்ம உரிமைய விட்டுக் குடுக்குறியே" என்கிறார்கள். உரிமையைவிட அதிகாரம் எனக்கு முக்கியம். "இந்த மருந்தை இந்தத் துண்டுக்குத் தரமாட்டேன்" என்று மருந்தாளர் சொன்னால் முதலாளி அதை மாற்ற முடியாது, சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது என்ற பாதுகாப்பு வேண்டும். அது இருந்தால் முதலாளி யார் என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. இல்லாவிட்டால் மருந்தாளரே முதலாளியாக இருக்கும் கடையில்கூட, அவருக்குக் கீழ் வேலை செய்யும் இரண்டாவது மருந்தாளருக்கு வாய் இருக்காது.

இலங்கையில் செயின் பாமசி என்றால் எவை?

எல்லோருக்கும் தெரிந்த மிகப் பழைய செயின் அரசாங்கத்துடையது. ஒசுசல. அதை நடத்துவது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் உண்டானது. பிபிலே பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். ஒரே மருந்தைப் பத்துப் பதினைந்து வணிகப் பெயர்களில் இறக்குமதி செய்து காசை வீணாக்க வேண்டாம், தேவையானவற்றை மட்டும் பொதுப்பெயரில், அதாவது மருந்தின் சொந்தப் பெயரில், மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கலாம் என்பது அவருடைய வழி. பல்தேசக் கம்பனிகள் அதை எதிர்த்தன. 1977இல் ஆட்சி மாறியது, தனியார் இறக்குமதி மறுபடி திறந்தது. அதே ஆண்டு அவரும் கயானாவில் காலமானார்.

தனியார் பக்கத்தில் பெயர் தெரிந்தது ஹெல்த்கார்ட். சன்ஷைன் குழுமத்தைச் சேர்ந்தது. சில சுப்பர்மார்க்கெட்டுகளுக்குள்ளும் மருந்துக் கவுண்டர் இருக்கிறது. ஒரே முதலாளிக்கு இரண்டு டவுன்களில் மூன்று கடை இருப்பதையும் செயின் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், அது குடும்ப வியாபாரம்.

செயின் வந்தால் விலை குறையுமா?

நினைக்கிற அளவுக்குக் குறையாது.

அடிக்கடி பாவிக்கப்படும் 48 மருந்துகளுக்கு 2016 ஒக்டோபரில் உச்ச சில்லறை விலை கொண்டுவரப்பட்டது, பிறகு இன்னும் சில சேர்ந்தன. 2022 நெருக்கடியில் ரூபா விழுந்ததும் அந்த உச்ச விலைகள் ஒரே வருடத்தில் இருமுறை பெரிதாகக் கூட்டப்பட்டன. 2023இல் ஓரளவு குறைக்கப்பட்டன. இந்தப் பட்டியலில் உள்ள மருந்துக்குக் கொழும்பில் கண்ணாடி மாளிகைக் கடைக்கும் மஸ்கெலியாவில் பஸ் ஸ்டாண்ட் கடைக்கும் ஒரே உச்ச விலைதான். சுகருக்கு மெட்ஃபோமின், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின் போன்றவை பட்டியலில் இருக்கின்றன. அதற்குக் கீழே போகலாம், மேலே போகக்கூடாது.

அப்படியானால் பெரிய கடைக்கு இலாபம் எங்கே? மூன்று இடத்தில். ஒன்று, மொத்தமாக வாங்கும்போது விநியோகஸ்தர் தரும் கழிவும் போனஸும். பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்பதுபோல. ஐம்பது கிளைக்கு வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒற்றைக் கடைக்காரருக்குக் கிடைக்காது. இரண்டு, மருந்தல்லாத சாமான்: ஷாம்பு, பால்மா, விட்டமின், முகக்கிறீம். அதற்கு விலைக் கட்டுப்பாடு இல்லை, படிப்பும் தேவையில்லை. பெரிய பாமசிக்குள் போனால் மருந்துக் கவுண்டர் ஏன் கடைசி மூலையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது, எந்த வணிகப் பெயரைக் கையில் தருவது என்ற தெரிவு. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

அவர்கள் பக்க நல்லதையும் சொல்ல வேண்டும். கணக்கு கம்பியூட்டரில் இருக்கும், காலாவதித் திகதி தப்பாது, பில் தருவார்கள், முதியவர்களுக்குச் சில இடங்களில் கழிவு உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இன்சுலின் 2 பாகை செல்சியஸுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் உள்ள கடை அன்று இன்சுலினைக் காப்பாற்றியது. இல்லாத கடைகளில் ஐஸ்பெட்டியும் நம்பிக்கையும்தான்.

மருந்தை இறக்குமதி செய்கிறவரே கடையும் வைத்தால்?

இதுதான் நாம் பேச வேண்டிய கேள்வி. ஆனால் கூட்டங்களில் கடைசியில்தான் வருகிறது, அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும்.

இலங்கை பாவிக்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. ஒரு குழுமத்தின் ஒரு கை இறக்குமதி செய்கிறது, இன்னொரு கை நாடு முழுக்க விநியோகிக்கிறது, மூன்றாவது கை சில்லறையில் விற்கிறது, நான்காவது கை உள்ளூரில் தயாரிக்கிறது. இலங்கையில் இது சட்டவிரோதமில்லை. அப்படிச் சில குழுமங்கள் இருப்பது பங்குச் சந்தை அறிக்கைகளைப் புரட்டினால் தெரியும். ஒரு குழுமமும் தப்புச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. வழி அப்படித் திறந்து கிடக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

நோயாளி அட்டோவஸ்டட்டின் என்று பொதுப்பெயர் எழுதிய துண்டோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஐந்து பெயர்களில் அதே மருந்து இருக்கிறது. எதைத் தருவது என்று தீர்மானிப்பவர் மருந்தாளர். அவருடைய சம்பளத்தைத் தருகிற கம்பனியே அந்த ஐந்தில் ஒன்றை இறக்குமதி செய்தால்? மாத இலக்கு என்று ஒன்று மேலேயிருந்து வந்தால்? அவருக்கு யாரும் கட்டளையிடத் தேவையில்லை, தட்டில் அந்தப் பெயரைக் கண்ணுக்கு நேரே வைத்தாலே போதும்.

ஒற்றைக் கடையில் இந்த நெருக்கடி இல்லையா? இருக்கிறது. எந்த மருந்துக் கம்பனிப் பிரதிநிதி கூடுதல் போனஸ் தந்தாரோ அவருடைய மருந்து முன்தட்டுக்கு வரும். ஆனால் அது மாதத்துக்கு மாதம் மாறும், பக்கத்துக் கடையில் வேறாக இருக்கும், நோயாளிக்கு மாற்றுவழி உண்டு. விநியோகமே ஒரு கையில் இருந்தால் பக்கத்துக் கடைக்குச் சரக்கு எப்போது போகும், எவ்வளவு போகும் என்பதும் அந்தக் கையில்தான். ஒரு மருந்து தட்டுப்பாடான மாதத்தில் முதல் லொறி யாருடைய கடைக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?

எனவே செயின்களைத் தடைசெய் என்பது என் கோரிக்கை இல்லை. இறக்குமதியையும் சில்லறையையும் ஒரே குழுமம் வைத்திருந்தால் அதைக் கடை வாசலில் எழுதிப்போடச் சொல்லலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாக் கடைக்கும் பங்கிட்டுக் கொடுக்க விதி செய்யலாம். இத்தாலியைப்போல மாகாணத்துக்கு ஒரு வரம்பு கட்டலாம். மூன்றுமே நாளைக்குச் செய்யக்கூடியவை.

மலையகத்துக்குச் செயின் வருமா?

கண்டிக்கு வரும், வந்தும் இருக்கிறது. நுவரெலியாவுக்கு உல்லாசப் பிரயாணிகளுக்காக வரும். பதுளை, பண்டாரவளை, ஹட்டன் டவுன்வரை யோசிப்பார்கள். அதற்கு மேலே ஏறமாட்டார்கள்.

ஏன் என்று புரிய, தோட்டமொன்றின் மேல் டிவிஷனிலிருந்து டவுனுக்கு வருகிறவரின் கணக்கைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. டவுனுக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். பஸ் காசோ த்ரீவீல் காசோ தனி. மாதச் சம்பளம் 10ஆம் திகதி. 25ஆம் திகதிக்குப் பிறகு வருகிறவர்கள் முப்பது நாள் மருந்து கேட்கமாட்டார்கள். "அஞ்சு நாளைக்கு மட்டும் வெட்டித் தாங்க" என்பார்கள். சிலர் அதற்கும் கணக்குக் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். ஒற்றைக் கடை முதலாளிக்கு அந்த அம்மாவைத் தெரியும், அவருடைய மகன் கொழும்பில் எந்தக் கடையில் வேலை செய்கிறார் என்பதும் தெரியும். எழுதிக்கொள்வார். கம்பனியின் கம்பியூட்டரில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

இந்தக் கடனைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. கடன் இருக்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது, விலை கேட்கவும் கூச்சம். கொப்பியில் பெயர் உள்ளவர் பில் கேட்டதை நான் பார்த்ததில்லை.

பெரிய கடை திடீரென்று போய்விடுவதும் உண்டு. பிரித்தானியாவில் லொயிட்ஸ்பாமசி என்ற மிகப் பெரிய செயின் 2023இல் சுப்பர்மார்க்கெட்டுகளுக்குள் இருந்த கிளைகளை மூடி, மற்றவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியது. அங்கே வாங்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு சின்ன மலை டவுனில் செயின் வந்து, இரண்டு பழைய கடைகள் மூடி, ஐந்து வருடத்தில் செயினும் போய்விட்டால், பனடோல் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பஸ் ஏற வேண்டியதுதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து தருகிறார்களே, அது பாமசியா?

இல்லை. தோட்ட வைத்திய உதவியாளர் நடத்துவது வேறு ஏற்பாடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்கு வந்தபோதும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்திருக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. கம்பனிக் கையில் மருந்து இருப்பது நமக்குப் புதிதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அது எப்படி இருந்தது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள்.

டொக்டரே மருந்தும் கொடுக்கிறாரே, சட்டத்தில் இடம் உண்டா?

தன்னுடைய நோயாளிக்குத் தான் கொடுக்கலாம். மற்ற டொக்டரின் துண்டுக்கு விற்க முடியாது, அதற்குப் பாமசி லைசென்ஸ் வேண்டும். சின்ன உறையில் பெயர் எழுதாமல் மூன்று வகை மாத்திரை தந்தால், "இது என்ன மருந்து, பெயர எழுதித் தாங்க டொக்டர்" என்று கேளுங்கள். அடுத்த நாள் ஒவ்வாமை வந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கே முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் எழுதித் தந்தார்கள். எப்படி வாங்குவது?

துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், பக்கத்தில் வணிகப் பெயரும் எழுதலாம். பாமசியில் இப்படிக் கேளுங்கள்: "இதே மருந்து வேற பேர்ல என்னென்ன இருக்கு, ஒவ்வொன்னும் என்ன விலை?" ஒரே மருந்தில் பெயருக்குப் பெயர் விலை பல மடங்கு மாறும். பதிவு செய்யப்பட்ட விலை குறைந்த மருந்து வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். வலிப்பு, தைரொயிட், வார்ஃபரின் போன்ற சிலவற்றில் அடிக்கடி பெயர் மாற்றாமல் இருப்பது நல்லது. மற்றவற்றில் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

பக்கத்தில் ஒசுசல இருந்தால் அங்கேயும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். வரிசை நீளம், சில நாள் சரக்கு இராது. இருந்தும் அங்கே ஒரு விலை தெரிந்தால் மற்றக் கடையில் பேச வாய் வரும்.

தமிழில் விளக்கம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். உறையில் "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் சூரியன், நிலா படம் போட்டாவது தரலாம். கம்பனிக் கடைகள் மலையகம் வர ஆசைப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது தமிழ் பேசும் மருந்தாளரை எடுப்பது. ஏசி பிறகு.

நம்ம பிள்ளைகள் மருந்தாளராக வழி என்ன?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு உட்படச் சில பல்கலைக்கழகங்களில் பாமசிப் பட்டம் இருக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் வருகின்றன, ஆகவே வெட்டுப்புள்ளியைக் கொழும்போடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். டிப்ளோமா வழியும் உண்டு. பதிவு பெற்ற மருந்தாளரின் கீழ் பயிற்சி பெற்றுப் பரீட்சை எழுதுகிற வழியும் உண்டு. பாமசியில் ஏற்கெனவே நிற்கும் பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது அந்தக் கடைசி வழியைத்தான். பத்து வருடம் கவுண்டரில் நின்றவர் இன்னும் இரண்டு மூன்று வருடம் படித்தால், வேறொருவரின் சேர்டிபிகேட்டுக்குக் கீழ் நிற்கத் தேவையில்லை. முதலாளிமார் இதற்கு லீவு கொடுக்க மறுப்பதுதான் பெரிய தடை. படித்து முடித்தால் சம்பளம் கேட்பானே என்ற பயம்.

உயிரியல் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் போதாது என்பது தனிக் கதை. அதை எழுத இந்தப் பக்கம் காணாது.

முறைப்பாடு எங்கே?

உச்ச விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. லைசென்ஸ், மருந்தாளர் இல்லாமை, காலாவதியான மருந்து பற்றி என்றால் உங்கள் மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உணவு மருந்துப் பரிசோதகர் இருப்பார், அவரிடம் எழுத்தில் கொடுங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் எழுதலாம். கடையின் பெயர், திகதி, மருந்தின் பெயர், அட்டையில் உள்ள தொகுதி இலக்கம் நான்கும் வேண்டும். மாத்திரையை வெட்டி வாங்கும்போது தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உள்ள அட்டைப் பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடும், ஆகவே அதையும் உறையில் எழுதச் சொல்லுங்கள். பில்லை வாங்கி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், பில் இல்லாத முறைப்பாட்டை எந்தப் பணிமனையும் மேசையைத் தாண்டி எடுத்துக்கொண்டு போகாது.